அரிப்புக்கு விட்ட மூன்று மில்லி

செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்குத் தர்லிகா தேப்லா ரொட்டிகளை நாலாக மடித்து இரண்டு டப்பாக்களில் அடுக்கிக்கொண்டிருந்தாள். விபாகர் கூடத்தில் உட்கார்ந்து ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

"என் கோனைப் பாத்தாச்சா?" என்றாள் சமையலறையிலிருந்தே.

"எந்தக் கோன்?"

"நம்ம வீட்டுல எத்தனை கோன் இருக்கு? அந்த வாக்குவம் டவர் கோன் கணக்கு. எட்டு நாளா உங்க மேஜையில தூங்குது."

"இன்னும் கையே வைக்கல. நாளைக்கு ரிவ்யூவுக்குள்ள பாத்துடறேன்."

"பாத்து கையெழுத்துப் போட்டுக் குடுங்க. மீதி வேலையை நான் முடிக்கணும்."

"என்ன அவசரம்? மேனேஜர்பென் ஆகறதுக்கு முன்னாடியே அதிகாரமா?"

"ஆனப்புறம் உங்களுக்குத் தனியா ஸ்டூல் போட்டு ஓரமா உக்கார வெப்பேன்." சிரித்தாள். "சுண்டா வைக்கவா, மிளகா ஊறுகாயா?"

"எதையோ வை."

"எதையோன்னு ஒரு ஊறுகாய் இந்த வீட்டுல இல்லையே."

ஆக்டிவாவை அவள்தான் ஓட்டினாள். விஸ்வாமித்ரி ஆற்றுப் பாலத்தின் மேல் போகும்போது, "மேட்டுல ஒண்ணு வெயில் காயுது பாருங்க" என்று கையால் காட்டினாள். முதலை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தபடி நாளைக் காலை பத்து மணியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தான். அப்படி ஒரு சந்தோஷம் அவனுக்கு வந்து வெகுகாலமாகியிருந்தது.

அவன் பொய் சொல்லியிருந்தான். அந்தக் கணக்கைக் கையில் கிடைத்த அன்றைக்கே பார்த்துவிட்டான். அதில் ஒரு பிழை இருந்தது.

விபாகர் மஜ்முதாரும் தர்லிகா மஜ்முதாரும் மகர்ப்புராவில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். சுத்திகரிப்பு ஆலைகளுக்கான பெரிய இரும்புக் கலன்களை வடிவமைத்துச் செய்து தரும் இடம். முதலில் சேர்ந்தவன் அவன். ஆறு வருஷம் கழித்து, இனி பிள்ளை பிறக்காது என்று டாக்டர்கள் சொன்ன பிறகு, வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்று அவளும் சேர்ந்தாள். அவனேதான் டிசைன் பிரிவுத் தலைவர் கனுபாய் அமீனிடம் சிபாரிசு செய்தான். "என் அளவுக்கு வராது சார், ஆனா கத்துக்குவா" என்றும் சொன்னான். அந்த வாக்கியத்தைக் கனுபாய் மறக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு முறையாவது, டீ குடிக்கும்போது, எல்லோர் முன்னாலும் அதை எடுத்து விடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். விபாகரும் சிரிப்பான்.

கத்துக்கொண்டாள் என்று சொல்வது சரியில்லை. அவளுக்கு அது முன்பே தெரிந்திருந்தது போலத்தான் இருந்தது. உள்ளிருந்து வரும் அழுத்தத்தை யார் வேண்டுமானாலும் கணக்குப் போடலாம். தகட்டுக்குப் பலம் இருந்தால் தாங்கும். வெளியிலிருந்து வரும் அழுத்தம் வேறு ஜாதி. கலனுக்குள்ளிருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டால், வெளியே நாம் நின்று மூச்சுவிடும் இதே காற்று அதை நாலு பக்கமும் நெருக்கும். அங்கே பலம் மட்டும் போதாது, வடிவம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஒரு விரிசல்கூட முன்னறிவிப்பாக வராது. காலி குளிர்பான டின்னைக் கையால் அமுக்கியது போல எட்டு மீட்டர் அகலக் கலன் ஒரே நொடியில் சொட்டையாகி உட்கார்ந்துவிடும். கலன் அகலமாக இருந்து மெலியும் இடத்தில் வரும் கூம்பு, அதாவது கோன், இன்னும் மோசம். அது உருளையும் இல்லை, மூடியும் இல்லை. நீளத்தை ஒரு விதமாகச் சுருக்கி, சாய்ந்த தகட்டின் கனத்தைச் சாய்வுக்கு ஏற்பக் குறைத்து, இப்படி ஒரு உருளையாக இருந்தால் என்ன ஆகும் என்று பாவித்துத்தான் பார்க்க வேண்டும். விபாகருக்குக் கூம்பு என்றால் அரை நாள் வேலை. தர்லிகா வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இருபத்திரண்டு வரும்" என்பாள். கணக்குப் போட்டால் இருபத்திரண்டுதான் வரும்.

எதைப் பார்த்தெல்லாம் அவனுக்கு வயிறு எரிந்தது என்று பட்டியல் போட்டால் சிரிப்புதான் வரும். அவள் ஏழு எழுதுகிற விதம். நடுவில் ஒரு சின்னக் குறுக்குக் கோடு போடுவாள். ஆபீஸில் பாதிப் பேர் இப்போது அப்படித்தான் ஏழு எழுதினார்கள். மும்பையிலிருந்து வாடிக்கையாளர் போன் செய்தால், "மஜ்முதார் இருக்காங்களா?" என்று கேட்பார்கள். இவன், "சொல்லுங்க, மஜ்முதார்தான்" என்பான். பிறகு, "இல்ல, மேடம் மஜ்முதார்." ஆபீஸில் எல்லோருக்கும் அவள் பென், அதாவது அக்கா. கேன்டீனில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவனை அறிமுகப்படுத்துபவர்கள், "தர்லிகாபென்னோட ஹஸ்பண்ட்" என்றார்கள். பதினேழு வருஷ அனுபவம் அந்த இரண்டு சொல்லில் அடங்கிவிட்டது.

அவனுக்கென்று இருந்தது ஒரு எக்செல் தாள். கலன்களின் கணக்கையெல்லாம் போட்டுத் தரும் தாள். ராத்திரி பகல் பாராமல் அவனே செய்தது. ஓரத்தில் வி.எம். என்று சின்னதாக எழுதி, கடவுச்சொல் வைத்துப் பூட்டியிருந்தான். அவள் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு கூட்டத்தில் கனுபாயின் எதிரிலேயே, "இந்தத் தாள்ல மூடி வரியில யூனிட் மாறியிருக்கே" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். உண்மைதான், மாறியிருந்தது. அன்றே திருத்தினான். ஆனால் அதற்குப் பிறகு இருபத்திரண்டு நாள் அவளோடு பேசவில்லை. வீட்டில் சாப்பிடவும் இல்லை, மூன்று வேளையும் கேன்டீன்தான். இருபத்திரண்டாம் நாள் அவள் வந்து எதிரே உட்கார்ந்து, "இனிமே யார் முன்னாடியும் உங்க கணக்கைப் பத்திப் பேச மாட்டேன், போதுமா?" என்றாள். போதும் என்று அவன் சொல்லவில்லை. அன்றிரவு வீட்டில் சாப்பிட்டான்.

அவள் வார்த்தை தவறவில்லை. அதற்கடுத்த வருஷம் அவன் அந்தத் தாளில் கூம்புக்கான வரியையும் சேர்த்தான். வாக்குவம் டவர்கள் அவள் பொறுப்பில் இருந்ததால் அந்த வரியைப் பயன்படுத்தியது அவள் ஒருத்திதான். ஒவ்வொரு கணக்கையும் 'தயாரித்தவர்' கட்டத்தில் தன் எழுத்தைப் போட்டு அவனிடம் கொடுப்பாள். அவன் அதே தாளில் எண்களை மறுபடி போட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறதென்று 'சரிபார்த்தவர்' கட்டத்தில் போடுவான்.

இந்த முறை மட்டும் அப்படிச் செய்யவில்லை. காரணம், தீபாவளிக்குப் பிறகு கனுபாய் தஹேஜில் புதிய ஆலைக்குப் போகிறார் என்றும், டிசைன் பிரிவுக்குத் தர்லிகா தலைவர் என்றும் அறிவித்துவிட்டார்கள். அறிவிப்பு வந்த மாலை அவள் எல்லோருக்கும் லீலோ சிவ்டா மிக்சர் வாங்கி வந்து கொடுத்தாள். அவன் பங்கை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். பக்கத்தில் அந்தக் கூம்பின் கணக்கும் இருந்தது. அவன் சிவ்டாவைத் தொடவில்லை. கணக்கை எடுத்தான். கம்ப்யூட்டரைத் தொடாமல், பென்சிலும் கால்குலேட்டரும் வைத்துக்கொண்டு, வரி வரியாக ஆரம்பித்தான். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக அவள் கணக்கை அவன் உண்மையாகவே சரிபார்த்தான்.

மேலே எட்டு மீட்டர், கீழே நாலரை மீட்டர், சாய்வு முப்பது டிகிரி. தகடு இருபது மில்லி. சாய்வுக்குக் குறைத்தால் பதினேழு புள்ளி மூன்று. தேவை பதினாறு புள்ளி ஆறு. தாங்கும் என்று எழுதியிருந்தாள்.

அவன் மறுபடி பார்த்தான். இருபதிலிருந்து மூன்று மில்லியைக் கழிக்கவில்லை.

அந்த மூன்று மில்லி இந்தத் தொழிலில் கால் வைத்த முதல் நாளே சொல்லித் தருவது. கந்தகம் கலந்த எண்ணெய் இருபது வருஷத்தில் தின்றுவிடப்போகும் இரும்பு அது. இன்றைக்குத் தகட்டில் இருக்கிறது, தொட்டுப் பார்க்கலாம். ஆனால் கணக்கில் இல்லை. கழித்தால் பதினேழு. சாய்வுக்குக் குறைத்தால் பதினாலு புள்ளி ஏழு. தாங்காது. முதல் சில வருஷம் நிற்கும், அரிக்க அரிக்க ஒருநாள் உட்கார்ந்துவிடும். அவன் மூன்று முறை போட்டுப் பார்த்தான். பிறகு சிவ்டாவை எடுத்துச் சாப்பிட்டான். நன்றாக இருந்தது.

அன்றே சொல்லியிருக்கலாம். வீட்டில் சொல்லியிருக்கலாம், வண்டியில் சொல்லியிருக்கலாம். அவள், "அய்யோ, ஆமாம்" என்று நாக்கைக் கடித்துத் திருத்திவிடுவாள். யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும். அதுதான் அவனுக்கு வேண்டாமாக இருந்தது. புதன்கிழமை ரிவ்யூவில் கனுபாய் இருப்பார், மும்பை ஆட்கள் இருப்பார்கள். தணிந்த குரலில், வருத்தப்படுவது போல, ஒரே வாக்கியம் சொல்ல வேண்டும். அந்த எட்டு நாளும் அவன் அந்த வாக்கியத்தைச் செதுக்கினான்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கும் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். பக்கத்து அறையில் வரைபடம் அச்சாகும் சத்தம் கேட்டது. பிறகு டிராஃப்ட்ஸ்மன் ஹாதிம்பாய் கதவைத் திறந்துகொண்டு வந்தார். எப்போதும் ஏதாவது கேலியோடு வருகிற மனிதர், வாய் திறந்தபடி நின்றார்.

"விபாகர்பாய், வாங்க. பென் கீழ உக்காந்துட்டாங்க."

"உக்காந்துட்டாளா?"

"'தலைக்குள்ள யாரோ சுவிட்சை அணைச்ச மாதிரி இருக்கு ஹாதிம்பாய்'னாங்க. மேஜையைப் பிடிச்சாங்க. உக்காந்துட்டாங்க. வாங்க சீக்கிரம்."

மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது.

மூன்றாம் நாள் பேஸ்ணு, துக்கம் விசாரிக்கும் கூட்டம். வெள்ளை உடுத்தவர்கள் வந்து தரையில் உட்கார்ந்து, படத்துக்குப் பூ போட்டு, கைகூப்பி எழுந்து போனார்கள். செத்துப்போன மனைவியின்மேல் ஒருவனுக்குப் பொறாமை வருமா என்று கேட்பவர்கள், படத்துக்குப் பக்கத்தில் அந்த இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அழுகையும் வந்தது, இதுவும் வந்தது. ஒன்று வந்தால் மற்றது ஒதுங்கி வழிவிடும் என்று அவன் நினைத்திருந்தான். அப்படி நடக்கவில்லை.

கனுபாய் அவன் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பதினோரு வருஷம். அந்தப் பொண்ணு கணக்குல ஒரு தப்புன்னு எவனும் விரல் வெச்சதில்ல. ஒருத்தன்கூட இல்ல."

மும்பையிலிருந்து வாடிக்கையாளர் தரப்பு அதிகாரி ஒருவர் வந்திருந்தார். விபாகரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மேடம் கணக்குன்னா நாங்க திருப்பியே பாக்க மாட்டோம் சார்" என்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு கனிவாக, "நீங்க என்ன பண்ணிட்டிருக்கீங்க?" என்று கேட்டார். ஆறு வருஷமாக ஒவ்வொரு கூட்டத்திலும் விபாகர் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.

"அங்கதான் இருக்கேன்" என்றான்.

அவள் படத்தைப் பார்த்தான். இவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று மனசுக்குள் அவளிடம் சொன்னான். அதைச் சொன்னதற்காக அந்த இடத்திலேயே தன்னை வெறுத்தான். வெறுத்த பிறகும் அது தெரிந்துதான் இருந்தது.

பதினான்காம் நாள் வேலைக்குப் போனான். கனுபாய் அவனை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாக ஆரம்பித்தார்.

"கேக்கவே கஷ்டமா இருக்கு. அந்தக் கோன் கணக்கு உங்ககிட்டதான் நிக்குது. வெள்ளிக்கிழமை தகடு ஆர்டர் போகணும். பாத்துட்டீங்கன்னா..."

"இருபது போதாது சார்" என்றான். சொல்லிவிட்ட பிறகுதான் சொன்னது தெரிந்தது. "அரிப்புக்கு விடற மூணு மில்லியைக் கழிக்கல."

கனுபாய் கண்ணாடியைக் கழற்றினார். "தர்லிகாபென்னா?"

"ம்."

"தர்லிகாபென் தப்பு பண்ணுவாங்களா?"

எந்தக் குரலில் அது கேட்கப்பட வேண்டும் என்று பதினோரு வருஷம் ஆசைப்பட்டானோ அதே குரல். அது தன் உடம்பில் இறங்குவதை விபாகர் உணர்ந்தான். இனித்தது. இனிக்கிறதே என்று பயமாகவும் இருந்தது.

"பாவம். தலைக்குள்ள அப்பவே ஏதோ ஆரம்பிச்சிருக்கும்" என்றார் கனுபாய். "சரி. நீங்க புதுசா போடுங்க. ரிவிஷன் ஒண்ணு. காரணம் எழுதற இடத்துல 'தயாரித்தவர் பிழை'ன்னு போட்டுடுங்க. இருந்தா அவங்களே ஒத்துக்கிட்டிருப்பாங்க. வேற யாரையும் அதுல இழுக்க வேணாம்."

திருத்தம் செய்யும்போது காரணம் எழுதாமல் அந்தத் தாள் வெளியே போகாது. அதுதான் அங்கே வழக்கம். நாலு விரல் அகலக் கட்டம். அதில் எழுதியதை மும்பை படிக்கும், வெளி இன்ஸ்பெக்டர் படிப்பார், கலன் இருக்கும் வரைக்கும் கோப்பில் இருக்கும்.

அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவள் சேமித்திருந்த கணக்கைத் திறந்தான். எப்படி விட்டிருப்பாள் என்று பார்க்க ஆசை. உருளைக்கான வரி சரியாக இருந்தது: இருபதிலிருந்து மூன்று கழித்து, பதினேழு என்று ஒரு கட்டம், அந்தப் பதினேழை எடுத்துக்கொண்டிருந்தது. கூம்புக்கான வரி இருபதை எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு கட்டம் மேலே. அவள் அங்கே எதையும் தட்டச்சு செய்திருக்க முடியாது. அந்த இடம் பூட்டியிருந்தது. பூட்டு அவனுடையது. ஓரத்தில் வி.எம். என்று சின்னதாக இருந்தது.

விபாகர் கடவுச்சொல்லைப் போட்டுத் திறந்தான். தன் கையால், எட்டு வருஷத்துக்கு முன், ஏதோ ஒரு மாலை, ஒரு கட்டத்தைச் சுட்டிக்காட்ட வேண்டிய இடத்தில் இரண்டு கட்டம் மேலே சுட்டிக்காட்டியிருந்தான். அவ்வளவுதான்.

முதலில் தோன்றியது வெட்கம் இல்லை. அவளும் எட்டு வருஷம் இதைக் கவனிக்கவில்லையே என்ற நிம்மதி. அப்படியானால் இருவரும் ஒன்றுதான். அந்த நிம்மதியை உறுதி செய்துகொள்ளத்தான் பழைய கோப்புகளை எடுக்கப் போனான். நின்றுகொண்டிருக்கிற டவர்களைப் பற்றிய பயம் அதற்கு ஒரு படி பின்னால்தான் வந்தது. ஏழு கூம்புகள். ஏழிலும் தாள் சொன்ன கனம் போதவில்லை. பிறகு வரைபடங்களை எடுத்தான்.

முதல் கூம்பு: தாள் சொன்னது பதினாறு. வரைபடத்தில் இருபது. ரிவிஷன் ஒன்று. காரணம்: 'கையிருப்பில் உள்ள தகடு'. நடுவில் கோடு போட்ட ஏழோடு தேதி. அவன் கையெழுத்தும் இருந்தது.

இரண்டாவது: பதினெட்டு, இருபத்திரண்டு. கையிருப்பில் உள்ள தகடு. மூன்றாவது, நான்காவது. இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கையால் போட்டுப் பார்த்தான். மூன்றைக் கழித்து, சாய்வுக்குக் குறைத்து. ஏழும் தாங்கின. தாராளமாகக் கூட்டி வைத்த கனம் இல்லை அது. மூன்றைக் கழித்தால் எது வேண்டுமோ அதற்கு அடுத்து கிடைக்கும் தகடு, ஒரு அளவு கூட அதிகமில்லை. கையிருப்பு என்பது ஏழு முறை அப்படித் துல்லியமாக அமையாது.

ஒவ்வொரு முறையும் அவள் வந்து நின்றது இப்போது நினைவுக்கு வந்தது. "ஸ்டோர்ஸ்ல இருபதுதான் இருக்காம். மாத்திடலாமா?" அவன் கணக்கில் கையெழுத்துப் போட்ட மறுநாள்தான் எப்போதும் வருவாள். "போடு போடு" என்று பார்க்காமலே கையெழுத்திட்டுத் தருவான்.

மீதி வேலையை நான் முடிக்கணும் என்று அந்தக் கடைசிக் காலையில் கேட்டது இதற்குத்தான்.

டிராஃப்டிங் அறைக்குப் போனான். ஹாதிம்பாய் வெள்ளைத் தொப்பியை மேஜையில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹாதிம்பாய், இந்த ஏழு டிராயிங்லயும் தகடு மாத்தினது யாரு?"

அவர் கோப்புகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "கோடு போட்டது நான். போடச் சொன்னது பென்."

"ஸ்டோர்ஸ்ல தகடு இல்லைன்னு சொன்னாளே?"

"ஸ்டோர்ஸ்ல எல்லாத் தகடும் இருந்தது, விபாகர்பாய்."

"உங்களுக்குத் தெரியுமா? ஏன்னு?"

"நான் கோடு போடறவன். ஏன்னு கேக்கறது என் வேலை இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "ஒரு தடவை கேட்டேன்" என்றார்.

"என்ன சொன்னா?"

"விடுங்க."

"ஹாதிம்பாய்."

"'உங்க தோஸ்த் தாள்ல ஒரு ஓட்டை இருக்கு'ன்னாங்க. 'சொல்லிட வேண்டியதுதானே பென்?'ன்னேன். 'சொன்னா அவர் மூணு வாரம் கேன்டீன்ல சாப்பிடுவார், கேன்டீன் எண்ணெய் அவருக்கு ஒத்துக்காது, யார் பாக்கறது?'ன்னு சிரிச்சாங்க."

"நீங்களும் சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன்" என்றார் ஹாதிம்பாய். "நல்லாத்தான் சொன்னாங்க. சிரிக்காம என்ன பண்றது?"

விபாகர் தன் இடத்துக்குத் திரும்பினான். அவள் காப்பாற்றியதைவிட, இந்த அறையில் இன்னொரு மனிதரோடு சேர்ந்து சிரித்தாளே, அதுதான் முதலில் சுட்டது. அந்தச் சிரிப்பில் அவனுக்குப் பங்கு கொடுக்கவில்லை. எட்டு வருஷம் அவள் ஒரு தப்பாவது செய்ய மாட்டாளா என்று காத்திருந்தான். அந்த எட்டு வருஷமும் அவன் தப்பு அவள் கைப்பைக்குள் இருந்தது. வேண்டியபோது எடுத்துக் காட்டியிருக்கலாம். இருபத்திரண்டு நாளைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஒரு நாள்கூடக் காட்டவில்லை. அந்தப் பெருந்தன்மையை அவனால் பொறுக்க முடியவில்லை. உயிரோடு இருந்திருந்தால் எழுந்து போய்ச் சண்டை போட்டிருப்பான்.

கட்டம் காலியாக இருந்தது. 'தயாரித்தவர் பிழை' என்று எழுதினால் கனுபாய்க்குத் திருப்தி. யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. பூட்டை அவன் திறந்து சரிசெய்துவிட்டுப் பூட்டினால், எட்டாவது கூம்பிலும் அவன் தப்பை அவளே சுமந்துகொண்டு போய்விடுவாள். இந்த முறை கேட்காமலேகூட. 'கையிருப்பில் உள்ள தகடு' என்று எழுதினாலும் அதே கதைதான். அவள் கண்டுபிடித்த பொய்யில் அவன் ஒளிந்துகொள்வான்.

மாட்டேன் என்று நினைத்தான். எட்டாவது முறையும் நீயே ஜெயிக்க நான் விடமாட்டேன்.

அவன் அடுத்து எழுதியது நல்ல மனசால் இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

எழுதினான்: 'கணக்குத் தாளின் கூம்பு வரியில் அரிப்புக்கான 3 மி.மீ. கழிக்கப்படவில்லை. தாளைச் செய்தவர் வி. மஜ்முதார். இந்தக் கூம்பின் தகடு 20 அல்ல, 25. முந்தைய ஏழு கூம்புகளிலும் இப்பிழை உண்டு. அவற்றின் தகட்டுக் கனம் அப்போதே திருத்தப்பட்டுள்ளது.'

படித்துப் பார்த்தான். சரியாக இருந்தது. எல்லாம் உண்மை. பேனாவை மூடினான். டீ வந்தது, குடித்தான். மறுபடி படித்தான். திருத்தப்பட்டுள்ளது. யார் திருத்தினார்கள் என்று இல்லை. படிக்கிறவர்கள் அவனே திருத்தினான் என்று எடுத்துக்கொள்வார்கள். மும்பைக்காரர் அடுத்த கூட்டத்தில் அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவார்.

முக்கால் மணி நேரம் அந்தத் தாளை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தன் தப்பை ஒப்புக்கொள்வது அவனுக்கு லேசாக இருந்தது. அவள் பெயரை எழுதுவதுதான் முடியவில்லை. கட்டத்தில் இன்னும் இடம் இருந்தது.

பேனாவைத் திறந்து, நெருக்கி எழுதினான்: 'திருத்தியவர் தர்லிகா மஜ்முதார்.'

வியாழக்கிழமை காலை கனுபாய் அதை நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார்.

"இது வெளிய போகும், தெரியுமில்ல?"

"தெரியும்."

"உங்க தாள்ல போட்ட எல்லாத்தையும் திருப்பிப் பாக்கச் சொல்லுவாங்க. சரிபாக்கற வேலையை உங்ககிட்டருந்து எடுத்துடுவாங்க. நான் இல்லைன்னாலும் எடுப்பாங்க."

"எடுக்கட்டும்."

"பென்னுக்காகவா பண்றீங்க?"

விபாகர் யோசித்தான். "இல்ல சார்" என்றான். "இந்தத் தடவையும் அவளை ஜெயிக்க விடக் கூடாதுன்னுதான்."

கனுபாய்க்குப் புரியவில்லை. துக்கத்தில் பேசுகிறான் என்று எடுத்துக்கொண்டு தோளைத் தட்டினார். 'தயாரித்தவர்' கட்டத்தில் விபாகர் போட்டான். 'சரிபார்த்தவர்' கட்டத்தில், கால்குலேட்டரை எடுத்து ஒவ்வொரு வரியையும் போட்டுப் பார்த்துவிட்டு, கனுபாய் போட்டார். இருபத்தைந்து மில்லி. இருபத்திரண்டு எடுத்திருந்தால் மயிரிழையில் தோற்றிருக்கும். அவளாக இருந்தால் இருபத்தைந்துதான் எழுதியிருப்பாள்.

மதியம் பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. டப்பா கொண்டுவராததால் கேன்டீனுக்குப் போனான். அன்று வியாழக்கிழமை. வியாழக்கிழமை என்றால் கிச்சடியும், கடி என்கிற மோர்க்குழம்பும். கடியில் எப்போதும் போலச் சர்க்கரை ஒரு கரண்டி அதிகம்.